வெறுங்காலும் வேண்டாம், கம்பூட்ஸும் வேண்டாம்



சென்ற வாரம் நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு விவாதம் ஓடியது. கத்தாரில் வேலை பார்க்கும் நம் மாணவன் ஒருவன் புதிதாகக் கயாக் வாங்கி, தூண்டில் பிடித்தபடி படம் போட்டிருந்தான். காலுக்கு என்ன போட்டுக்கொண்டு போவது நல்லது என்று அவனே கேட்டிருந்தான். ஒருவர் "வெறுங்கால்தான் மீன்காரனுக்கு அழகு" என்றார். இன்னொருவர் "முழங்கால் வரைக்கும் கம்பூட்ஸ் வாங்கு, பாம்பு கடிக்காது" என்றார். மூன்றாமவர் "ஹவாய் செருப்பு போதும், எதுக்குக் காசைக் கொட்டுற?" என்றார். கடைசியில் யாரோ விளையாட்டாக, "சார் என்ன சொல்றாங்கன்னு கேளுங்கப்பா" என்று எழுதினார்கள்.

விளையாட்டாகக் கேட்டாலும் நான் விளையாட்டாகப் பதில் சொல்லும் நிலையில் இல்லை. காரணம், அந்த மூன்றாவது ஆலோசனையை என் பேரனுக்குச் சொன்னவன் நான்தான். அதனால் ஐந்து நாள் அவன் ஆஸ்பத்திரியில் கிடந்தான். இதுவரை குழுவில் நான் அதைப் பற்றி எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன்.

போன தை மாதம், பொங்கல் விடுமுறைக்கு அந்தக் கத்தார் மாணவன் ஊருக்கு வந்தான். காற்றடித்துப் பயன்படுத்தும் கயாக் ஒன்றை மடித்துப் பெட்டிக்குள் வைத்தே கொண்டுவந்துவிட்டான். கல்லூரியில் படிக்கும் என் மகள் வயிற்றுப் பேரனையும் அழைத்துக்கொண்டு, கோரையாறு கடலை நெருங்கும் பக்கம் கொடுவா பிடிக்கப் புறப்பட்டார்கள். (முத்துப்பேட்டை அலையாத்திக் காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் போகக்கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவர்கள் காட்டுக்கு வெளியேதான் நின்றார்கள்.) மாணவன் காலில் புதுக் கம்பூட்ஸ். பேரன் ஓட்டப்பந்தயத்துக்கு வாங்கிய வெள்ளை ஷூவைப் போட்டுக்கொண்டு கிளம்பினான். "நல்ல ஷூவைச் சேத்துல பாழாக்காதே, வாசல்ல கிடக்கிற ஹவாயை மாட்டிக்கிட்டுப் போ" என்று நான்தான் சொன்னேன்.

நடந்தது சுருக்கமாக இதுதான். கயாக் ஓரிடத்தில் தரை தட்டியது. தள்ளிவிட இருவரும் இறங்கினார்கள். மாணவனின் கம்பூட்ஸ் முழங்கால் வரை சேற்றில் இறங்கிக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. இழுக்க இழுக்க உள்ளே போனது. அவனைத் தூக்கிவிடப் போன பேரனின் ஒரு செருப்பைச் சேறு விழுங்கியது. அடுத்த அடியை அவன் வெறுங்காலோடு வைத்த இடத்தில் ஆளிச் சிப்பி இருந்தது. உள்ளங்காலில் இரண்டு அங்குல நீளத்துக்குக் கீறல். ஒருவழியாகக் கயாக் மேலேயே குப்புறப் படுத்து மாணவன் வெளியே வந்தான். பூட்ஸ் இரண்டும் இன்னும் அங்கேதான் இருக்கின்றன.

தாத்தா திட்டுவார் என்று பயந்து பேரன் இரண்டு நாள் காயத்தை மறைத்தான். மூன்றாம் நாள் கால் வீங்கிக் காய்ச்சல் வந்தது. தஞ்சாவூருக்குக் கொண்டுபோனோம். "உப்பும் நன்னீரும் கலக்கும் வெதுவெதுப்பான தண்ணீரில் சில கிருமிகள் இருக்கும். அங்கே பட்ட காயத்தைச் சின்னக் காயம் என்று விடக்கூடாது" என்றார் மருத்துவர். விப்ரியோ வல்நிஃபிகஸ் என்று ஒரு கிருமியின் பெயரையும் சொன்னார். கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் அது ஓரிரு நாளிலேயே உயிருக்கு ஆபத்தாக முடியலாமாம். பேரனுக்கு வந்தது அது இல்லை, இளம் வயது, தேறிவிட்டான். பதினெட்டு வருடமாகச் சர்க்கரை மாத்திரை விழுங்கும் எனக்குத்தான் அந்தப் பெயர் இன்னும் காதில் நிற்கிறது.

இனி என் கருத்துக்கு வருகிறேன். தவறு இருந்தால் திருத்துங்கள். கயாக் ஓட்டத் தெரிந்தவர்கள் உங்களில் பலர் இருக்கிறீர்கள்.

கயாக்கிலோ கேனோவிலோ மீன் பிடிக்கப் போகிறவர்கள் படகில் உட்கார்ந்திருக்கும் நேரத்தை நினைத்துக் காலணி வாங்குகிறார்கள். அதுதான் பிழை. உட்கார்ந்திருக்கும் நான்கு மணி நேரமும் எந்தச் செருப்பு போட்டாலும் ஒன்றுதான். ஏறும்போது, இறங்கும்போது, தள்ளும்போது, கவிழும்போது என்று எல்லாம் சேர்ந்து ஒரு பத்து நிமிடம் வரும். காலணி அந்தப் பத்து நிமிடத்துக்கானது. எனவே கடையில் நின்று கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, "இதோடு விழுந்தால் நீந்த முடியுமா? இதோடு சேற்றில் நடந்தால் கழன்று வராமல் இருக்குமா? சிப்பியை மிதித்தால் தாங்குமா?" என்பதுதான். இந்த மூன்றில் ஒன்றுக்கு "இல்லை" என்று பதில் வந்தாலும் அதை வாங்காதீர்கள்.

கம்பூட்ஸ் விஷயத்தில் ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. அதில் தண்ணீர் நிறைந்தால் கல்லைக் கட்டியதுபோல் ஆளைக் கீழே இழுத்துவிடும் என்பார்கள். வகுப்பில் ஆர்க்கிமிடிஸ் படித்தோமே, நினைவிருக்கிறதா? தண்ணீருக்குள் இருக்கும் தண்ணீருக்கு எடை தெரியாது. பூட்ஸுக்குள் நிறைந்த தண்ணீர் ஆளை அமிழ்த்தாது. ஆனால் காலை உதைத்து நீந்தும்போது அந்தத் தண்ணீரையும் சேர்த்து அசைக்க வேண்டும், சீக்கிரம் களைத்துப்போவீர்கள். உண்மையான ஆபத்து கயாக் மேல் திரும்ப ஏறும்போது வருகிறது. கால் தண்ணீரை விட்டு வெளியே வந்த அந்த நொடியிலேயே எடை முழுவதும் வந்துவிடும். ஒரு பூட்ஸில் நான்கு லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள், நான்கு கிலோ. இரண்டு காலுக்கும் எட்டுக் கிலோ. கவிழ்ந்து பயந்து களைத்துப்போன மனிதன் எட்டுக் கிலோவைக் காலில் கட்டிக்கொண்டு வழுக்கும் படகில் ஏற வேண்டும். ஏறிப் பாருங்கள்!

சேற்றில் பூட்ஸ் ஏன் மாட்டிக்கொள்கிறது? காலைத் தூக்கும்போது அடியில் வெற்றிடம் உண்டாகிறது. சுற்றிலும் சேறு அடைத்திருப்பதால் காற்றோ தண்ணீரோ உள்ளே போக வழியில்லை. வேகமாக இழுத்தால் இன்னும் இறுகும். அப்படி மாட்டிக்கொண்டால் பதற்றப்படாமல் பின்னால் சாய்ந்து, கயாக்கின் மேல் உடம்பைப் பரப்பி, காலை மெதுவாக அசைத்து அசைத்துத் தண்ணீரை உள்ளே விட்டு எடுக்க வேண்டும். எடை ஒன்றுதான், பரப்பு கூடினால் அழுத்தம் குறையும். இதுவும் நாம் படித்த பாடம்தான்.

சரி, வெறுங்கால்? "காலங்காலமாக மீனவர்கள் வெறுங்காலோடுதானே போகிறார்கள்" என்று என் சொந்தக்காரர்களே கேட்கிறார்கள். அதற்குப் பதில் நான் சொல்வதைவிட, நம் பள்ளியில் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்துவிட்டு இன்று வள்ளத்தில் தொழில் செய்யும் மாணவன் சொன்னதை எழுதுகிறேன். பேரனைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வந்தான். நான் பேச்சுவாக்கில், "உங்களுக்கெல்லாம் வெறுங்கால் பழக்கமாயிடுச்சுப்பா" என்றேன். அவன் பெஞ்சில் உட்கார்ந்து உள்ளங்காலைத் திருப்பிக் காட்டினான். சிப்பி கீறியது, மூச்சுவேர் குத்தியது, கெளுத்தி முள் ஏறியது, கணுக்கால் பக்கம் திருக்கை அடித்த குழி. திருக்கை அடித்தபோது இருபது நாள் தொழிலுக்குப் போகவில்லையாம்.

"பழக்கம் எல்லாம் ஒண்ணும் இல்ல சார். வேற வழியில்ல. செருப்பு போட்டா சேறு புடுங்கிக்குது. பூட்ஸ் போட்டா விழுந்தா எந்திரிக்க முடியாது. நடுவுல ஒண்ணு இருந்தா யாரு சார் வேணாம்பாங்க?"

முப்பத்தைந்து வருடம் கடற்கரை ஊரில் வாத்தியார் வேலை பார்த்தவன் நான். மழைக்காலத்தில் பிள்ளைகள் சேற்றுப்புண்ணோடு வருவார்கள். "காலைக் கழுவிக்கிட்டு உள்ள வா" என்று சொன்னதோடு என் கடமை முடிந்தது என்று நினைத்தேன். பின்னாளில் அரசு விலையில்லாக் காலணி கொடுத்தது. அதைப் பிள்ளைகள் கரையில் விட்டுவிட்டுத் தண்ணீரில் இறங்கியபோது "அலட்சியம்" என்று திட்டினேன். அந்தச் செருப்பு தண்ணீருக்கு உதவாது என்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தது, எனக்குத் தெரியவில்லை.

அவன் கேட்ட அந்த "நடுவுல ஒண்ணு" இருக்கத்தான் செய்கிறது. வாட்டர் ஷூ என்றும் நியோபிரீன் பூட்டி என்றும் கேட்டால் கொடுப்பார்கள். வாங்கும்போது கவனிக்க வேண்டியவற்றை வரிசையாகச் சொல்கிறேன். குறித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, விரல்கள் மூடியிருக்க வேண்டும். பட்டை வைத்த சாண்டல் பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் பட்டைக்குள் சிப்பியும் மணலும் புகும். கயாக்கின் உள்ளே கால் ஊன்றும் கட்டையில் பட்டை சிக்கினால் கவிழும்போது காலை எடுக்க முடியாமல் போகும். தூண்டில் முள் கை தவறி விழுந்தாலும் நேரே விரலில்தான் ஏறும்.

இரண்டு, குதிகாலை இறுகப் பிடிக்க வேண்டும். நுரையில் செய்த, ஓட்டை போட்ட, மாட்டிக் கழற்றும் செருப்புகள் மிதக்கும் என்று பெருமையாகச் சொல்கிறார்கள். செருப்பு மிதந்து என்ன பயன்? காலில் அல்லவா இருக்க வேண்டும்!

மூன்று, உள்ளே வந்த தண்ணீர் உடனே வெளியேற வேண்டும். கடையில் வாங்கிய அன்றே ஒரு வாளித் தண்ணீரில் காலை விட்டு எடுத்து நாலடி நடந்து பாருங்கள். சளக் சளக்கென்று தண்ணீர் நின்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

நான்கு, அடிப்பாகம் மெத்தென்று இருந்தால் மட்டும் போதாது. சிப்பியும் முள்ளும் தாங்க வேண்டும். அலையாத்தி மரத்தின் மூச்சுவேர்கள் சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக மேல்நோக்கி நிற்கும். நீரில் மூழ்கியிருக்கும்போது கண்ணுக்குத் தெரியாது. ஏரி, குளத்தில் மீன் பிடிப்பவர்களுக்குச் சீமைக்கருவேல முள் இருக்கிறது. அது ஹவாய் செருப்பைத் துளைத்து வருவது நம் எல்லோருக்கும் தெரிந்ததே. ஆனால் அடி மிகத் தடிமனாகவும் இருக்கக் கூடாது. கயாக்குக்குள் கால் திரும்ப வேண்டும். கேனோவில் மண்டியிட்டு உட்காருவார்கள். பருத்த ஷூ பலகைக்கு அடியில் மாட்டிக்கொண்டால் கவிழும்போது ஆளும் சேர்ந்து மாட்டுவான்.

ஐந்து, நீளமான கயிறு வேண்டாம். ஒட்டும் பட்டையோ இழுத்து இறுக்கும் கயிறோ போதும். கயிறு இருந்தால் முடிச்சைப் போட்டு மிச்சத்தை உள்ளே செருகுங்கள். தூண்டில் நரம்பும் ஷூ கயிறும் ஒன்றோடொன்று சிக்கினால் பிரிப்பதற்குள் பொழுது போய்விடும்.

ஆறு, அளவு. நியோபிரீன் நனைந்தால் சற்று நெகிழும். எனவே உலர்ந்திருக்கும்போது இறுக்கமாகவும், ஆனால் விரல்கள் மடங்காமலும் இருக்க வேண்டும். மாலையில் போய் வாங்குங்கள். அப்போது கால் சற்று வீங்கியிருக்கும்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்குத் தனியாக இரண்டு வார்த்தை. கனடாவில் இருக்கும் தங்கை மகளே, வெயில் அடிக்கிறது என்று மெல்லிய ஷூவோடு ஏரியில் இறங்காதே. அங்கே காற்றின் சூட்டைப் பார்த்து உடுத்தக் கூடாது, தண்ணீரின் குளிரைப் பார்த்து உடுத்த வேண்டும். உனக்குத் தடித்த நியோபிரீன்தான். நியூசிலாந்தில் இருக்கும் தம்பி, பாசி படிந்த பாறையில் வழுக்காமல் இருக்கக் கம்பளி போன்ற அடி வைத்த காலணி நல்லது என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். அந்தக் கம்பளியில் ஈரமும் பாசியும் தங்கி ஓர் ஆற்றிலிருந்து இன்னோர் ஆற்றுக்கு டிடிமோ என்ற பாசி பரவுகிறது என்பதற்காக உங்கள் நாட்டில் 2008-லேயே மீன்பிடிப்பவர்களுக்கு அதைத் தடை செய்துவிட்டார்கள். ரப்பர் அடி வாங்குவதே நல்லது.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எந்த ஷூவும் திருக்கையின் முள்ளை முழுதாகத் தடுக்காது. அது நியோபிரீனைத் துளைத்துக்கொண்டு உள்ளே வரும். அதற்குக் காலணியைவிட நடைதான் மருந்து. கலங்கிய தண்ணீரில் காலைத் தூக்கித் தூக்கி வைக்காமல், தரையோடு தேய்த்துத் தேய்த்து நகருங்கள். மணலில் புதைந்து கிடக்கும் திருக்கை அதிர்வு தெரிந்து விலகிப் போய்விடும். மேலே மிதித்தால்தான் வாலை வீசும். அடித்துவிட்டால், காலைப் பொறுக்கக்கூடிய சூடுள்ள வெந்நீரில், ஏறக்குறைய 45 டிகிரியில், அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வரை வைக்க வேண்டும். சூட்டில் அந்த விஷம் வலுவிழக்கும். வலியில் காலுக்குச் சூடு தெரியாது, வெந்துவிடும். எனவே அடிபடாதவர் கையை விட்டுப் பார்த்து ஊற்றுங்கள். பிறகு கட்டாயம் ஆஸ்பத்திரி. முள் ஒடிந்து உள்ளே இருக்கலாம், தடுப்பூசியும் வேண்டும்.

என்னைப் போன்ற சர்க்கரைக்காரர்களுக்கு: கால் மரத்துப்போனவர்களுக்கு முள் குத்தினாலும் தெரியாது. தண்ணீரில் இறங்கி வந்தால், வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள், அல்லது வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. ஷூவையும் ஒவ்வொரு முறையும் கழுவி நிழலில் உலர்த்துங்கள். ஈர ஷூவையே மறுநாளும் போட்டால் சேற்றுப்புண் நிச்சயம். காற்றடித்த கயாக் வைத்திருப்பவர்கள் ஏறுமுன் அடியில் ஒட்டிய சிப்பித் துண்டையும் கல்லையும் தட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் ஓட்டை விழுவது உங்கள் படகில்தான்.

கத்தார் மாணவன் தன்னிடம் மாற்றுக்கு இருந்த மெல்லிய வாட்டர் ஷூ ஒன்றை அந்த மீனவ மாணவனிடம் கொடுத்துவிட்டுப் போனான். ஆறு மாதம் கழித்து எப்படியிருக்கிறது என்று கேட்டேன். "நல்லாத்தான் சார் இருந்துச்சு. சேத்துல கழலல, படகுல வழுக்கல. ஆனா மணல் உள்ள போவுது, தெனம் கழுவணும். இப்ப அடி பிஞ்சு போச்சு" என்றான். பொழுதுபோக்குக்கு மாதம் ஒருமுறை போகிறவனுக்குச் செய்த பொருள், தினமும் போகிறவன் காலில் ஆறு மாதம்தான் தாங்கியது. அவனுக்கு வேண்டியது இன்னும் தடித்த அடி வைத்தது.

பிஞ்சுபோன பிறகு என்ன செய்கிறாய் என்று கேட்டேன். "பழையபடி வெறுங்கால்தான் சார்" என்றான்.

ஆகவே இந்தப் பதிவின் முடிவில் ஒரு வீட்டுப்பாடம் தருகிறேன். பதினைந்தாயிரம், இருபதாயிரம் என்று தூண்டிலும் சுருளும் வாங்கும் பிள்ளைகளே, முதலில் உங்கள் காலுக்கு வாங்குங்கள். அடுத்த முறை ஊருக்கு வரும்போது சென்ட் பாட்டிலும் சாக்லேட்டும் எனக்கு வேண்டாம். சாக்லேட் எனக்கு ஆகவும் ஆகாது. அதற்குப் பதில் ஒவ்வொருவரும் ஒரு ஜோடி தடித்த அடி வைத்த வாட்டர் ஷூ கொண்டுவாருங்கள். உங்களோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்து, இன்று தினமும் சேற்றில் இறங்குகிறவர்கள் எனக்குத் தெரிந்து பதினோரு பேர் இருக்கிறார்கள். கால் அளவு கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன்: ஏழு இருவருக்கு, எட்டு ஐவருக்கு, ஒன்பது மூவருக்கு, பத்து ஒருவருக்கு.

லைக் போட்டுவிட்டுப் போகாமல், யார் எந்த அளவு கொண்டுவருகிறீர்கள் என்று கீழே எழுதுங்கள். இரட்டிப்பு வராமல் நான் குறித்துக்கொள்கிறேன். எட்டில் ஒன்றை என் பேரன் ஏற்றுக்கொண்டான். பத்தை நான் வாங்குகிறேன்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்